கொழும்பு வளவில் மரம்: பராமரிப்பது, தறிப்பது, தறிக்காமல் விடுவது

கொழும்பில் வீட்டு மரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காற்று பலமாக அடிக்கும் இரவில்தான் தொடங்குகிறது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "உங்கட மரம் எங்கட கூரைக்கு மேல வருது" என்று சொல்லும்போது. இரண்டுமே பிந்திய வேளைகள். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மேல் பெரிய மரம் சாய்ந்து 5 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் அந்தக் கிழமை முழுவதும் எல்லோருக்கும் தங்கள் வளவு மரம் எமனாகத் தெரியும். அந்தப் பயத்தில் நல்ல மரத்தை வெட்டிவிடுவார்கள். உள்ளே உக்கிப்போன மரம் பச்சையாகத் தெரிவதால் தப்பிவிடும்.

இந்த நகரத்து வளவுகளில் வெட்டப்படும் மரங்களில் பலவற்றை வெட்டியிருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். வெட்டியே ஆகவேண்டிய மரத்தை வீட்டுக்காரர் தன் கையால் வெட்டக்கூடாது என்பதும் அதே அளவுக்கு உறுதியான எண்ணம். 8 பேர்ச் காணி என்றால் ஏறத்தாழ 200 சதுர மீற்றர். அதில் வீடு, மதில், தண்ணீர்த் தாங்கி, கேட், மேலே மின்கம்பி எல்லாம் போக, ஒரு மரம் விழுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

முதலில், ஆண்டுக்கொரு தடவை சுற்றிப் பாருங்கள்

அதற்குச் சரியான காலம் ஜனவரி, பெப்ரவரி. கொழும்பில் மழை குறைவான மாதங்கள் அவை. மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழை தொடங்கும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று வந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் மறுபடியும் பெருமழை. ஆகவே பார்ப்பதையும் கொப்பு வெட்டுவதையும் மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும்.

அடியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் மரம் முழுதாகச் சாய்வதற்கான காரணம் அநேகமாக அடியில்தான் இருக்கும். தண்டைச் சுற்றி மண் ஒரு பக்கம் மேலெழும்பியிருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா? வேர் தொடங்கும் இடத்தில் தட்டுப் போலக் கெட்டியான காளான் முளைத்திருக்கிறதா? அப்படிப்பட்ட காளான் வெளியே தெரிந்தால் உள்ளே உக்கல் நெடுநாளாக நடக்கிறது என்று அர்த்தம். அதைப் பிடுங்கி எறிந்தாலும் உக்கல் நிற்காது.

பிறகு சாய்வு. பிறந்ததிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ற பலத்தையும் சேர்த்துக்கொண்டே வளரும். அதன் நுனி மறுபடி நிமிர்ந்திருக்கும். போன வருடம் நேராக நின்றது இந்த வருடம் சாய்ந்திருந்தால், அதுவும் நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருந்தால், அது வேறு கதை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நம் கண்ணுக்குப் பழகிப்போவது படத்தில் தெரிந்துவிடும்.

தண்டை ஒரு மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வெறுமையாக ஒலித்தால் அங்கே பொந்து இருக்கலாம். பொந்து இருப்பதாலேயே மரம் ஆபத்து என்று சொல்ல முடியாது. சுற்றிவர நல்ல மரம் தடிப்பாக இருந்தால் பல வருடம் நிற்கும். அந்தத் தடிப்பு தண்டின் அரை விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டது என்றால் கவலைப்பட வேண்டும். இரண்டு பெரிய தண்டுகள் ஆங்கில 'வி' எழுத்துப் போல ஒடுங்கிய கவட்டில் பிரிந்து, நடுவே பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால், அந்தக் கவடு காற்றில் பிளக்கும் இடம்.

இன்னும் ஒன்று, கொழும்பில் இதுவே முக்கியம். கடந்த சில வருடங்களில் மரத்துக்குப் பக்கத்தில் யாராவது மண் தோண்டினார்களா? புதிய மதிலுக்கு அத்திவாரம், கழிவுநீர்க் குழாய், பக்கத்துக் காணியில் தொடர்மாடிக்கு வெட்டிய கிடங்கு, இப்படி எதுவும் இருக்கலாம். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 2 அடி மண்ணுக்குள்தான் ஓடுகின்றன; கொப்புகளின் நிழலையும் தாண்டிப் போகும். ஒரு பக்கத்து வேர்களை வெட்டிவிட்டால் மரம் உடனே விழாது. இலை கூட வாடாமல் நிற்கும். பிறகு ஈர மண்ணில் ஒரு பலத்த காற்று வரும்போது மறுபக்கம் சாயும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய வீடுகளை இடித்து மாடி எழுப்பும் ஒழுங்கைகளில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வருடம் முழுக்கச் செய்ய வேண்டிய சின்ன வேலைகள்

தண்டைச் சுற்றி ஒட்டச் சீமெந்து போடாதீர்கள். முற்றம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தண்டு வரை இன்ரர்லொக் கல் பதித்தால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. அது கல்லைக் கிளப்பிக்கொண்டு மேலே வரும். பிறகு வேரை வெட்டுவீர்கள், மரம் ஆட்டம் காணும். தண்டைச் சுற்றி மண்ணாக விட்டு, காய்ந்த இலையைப் பரப்பலாம். பரப்பும்போது தண்டில் முட்டாமல் ஒரு சாண் விலக்கி வையுங்கள். ஈரச் சருகு பட்டையை உக்கவைக்கும், கறையானையும் கூப்பிடும்.

பொந்துக்குள் சீமெந்து நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடலாம். மரம் ஆடும், சீமெந்து ஆடாது. இடையில் ஈரம் நின்று உக்கல் கூடும். ஆனால் தண்ணீர் தேங்கும் பொந்தைச் சும்மா விடவும் முடியாது. டெங்கு நுளம்பு மரப் பொந்துத் தண்ணீரிலும் முட்டையிடும். மணலால் நிரப்பிவிட்டால் போதும். வெட்டிய மூங்கில் முட்டு, தேங்காய்ச் சிரட்டை, பீலியில் அடைபட்ட இலை எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து காட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

தென்னை இருந்தால் காய்ந்த ஓலை, பன்னாடை, முற்றிய குலை எல்லாவற்றையும் ஒழுங்காக இறக்குவியுங்கள். தேங்காய் பறிக்கிறவர் மேலே போகும்போது குருத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விசிறியைக் கத்தரித்தது போல ஓலை வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு. தண்டில் துளை இருந்து, அதிலிருந்து பழுப்பு நீரோ மென்ற நார் போன்றதோ வந்தால் சிவப்புக் கூன்வண்டாக இருக்கலாம். அது தண்டுக்குள் தின்றுகொண்டே போகும்; வெளியே தெரியும்போது காரியம் முற்றியிருக்கும். குருத்துச் செத்த தென்னையில் ஆளை ஏற்றவே கூடாது. அது உள்ளே எவ்வளவு உக்கியிருக்கிறது என்று கீழே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

மதில் வெடிப்பிலும் கூரை மூலையிலும் காகம் போட்ட விதையிலிருந்து அரசும் ஆலும் முளைக்கும். நான்கு இலை விட்டதும் பிடுங்கிவிடுங்கள். மரமான பிறகு அரசை வெட்ட ஆள் பிடிப்பது கொழும்பில் லேசு அல்ல. வேலைக்காரர்களில் பலர் தொடமாட்டார்கள், அயலவர்களின் மனதும் நோகும். வேம்பை வெட்டும்போது எங்கள் வீடுகளிலும் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தானே தொடங்குகிறோம்.

கொப்பு வெட்டும் முறை

முதலில், மொட்டை அடிக்காதீர்கள். "எல்லாக் கொப்பையும் எடுத்துவிடுங்கள், பிரச்சினை தீரும்" என்பதுதான் இங்கே அதிகம் கேட்கும் யோசனை. மிக மோசமான யோசனையும் அதுதான். மொட்டையடித்த மரம் அந்தரித்துக்கொண்டு கொத்துக் கொத்தாகத் தளிர் விடும். அந்தப் புதுக் கொப்புகள் வெட்டு வாயின் ஓரத்தில் பட்டையோடு மட்டும் ஒட்டியிருக்கும். அடியில் உக்கல், மேலே பாரம். மூன்று நான்கு வருடத்தில் முன்பிருந்ததை விட ஆபத்தான மரம் உங்களிடம் இருக்கும். ஒரு வருடத்தில் மொத்தப் பச்சையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதிருப்பது நல்லது. வயதான மரத்தில் அதற்கும் குறைவாக எடுக்க வேண்டும்.

எதை எடுக்கலாம் என்றால், பட்டுப்போன கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, கூரையைத் தொடும் கொப்பு. மாமரத்தைக் காய் முடிந்த கையோடு கவ்வாத்துச் செய்யலாம். உள்ளே வெளிச்சமும் காற்றும் போனால் பூ கருகுவது குறையும். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து நட்ட கறுத்தக்கொழும்பான் இங்கே ஏன் காய்க்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பூக்கும் காலத்து மழைதான் அநேகமாகக் காரணம், கவ்வாத்து அதை முழுதாகத் தீர்க்காது.

கைத் தடிப்புக்கு மேற்பட்ட கொப்பை ஒரே வெட்டில் வெட்டினால் பாதி அறுந்ததும் அது தன் பாரத்தில் தொங்கித் தண்டின் பட்டையையும் கிழித்துக்கொண்டு வரும். அதனால் மூன்று வெட்டு:

1. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, தடிப்பில் நாலில் ஒரு பங்கு வரை அறுக்க வேண்டும்.
2. அதிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி, மேலிருந்து கீழே முழுதாக அறுக்க வேண்டும். கொப்பு போய்விடும், கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும்.
3. மிஞ்சிய குறுங்கட்டையைக் கடைசியாக எடுக்க வேண்டும். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்று வீங்கிய ஒரு வளையம் தெரியும். அதை வெட்டாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும்.

அந்த வளையத்திலிருந்துதான் புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். தண்டோடு மட்டமாகச் சீவினால் வளையம் போய்விடும், குறுங்கட்டையை நீட்டி விட்டாலும் அது உக்கி உள்ளே வழி விடும். வெட்டு வாயில் தாரும் பெயின்றும் பூச வேண்டியதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதுதான் மிச்சம்.

தரையில் நின்று, நீட்டுத் தடி வாளால் எட்டுவது வரை நீங்களே செய்யலாம். ஏணி வேண்டும் என்றால் வேலை உங்களுடையது அல்ல. ஏணியில் நின்று செயின்சோ பிடிப்பது எந்த நிலையிலும் வேண்டாம். தடி நீளமாக இருந்தாலும் பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால் அந்த வேலையும் இல்லை.

தறிக்கத்தான் வேண்டுமா?

இலை கொட்டுகிறது, பீலி அடைக்கிறது, வௌவால் வருகிறது என்பவை தறிப்பதற்குக் காரணம் அல்ல. வேர் உக்கியது, புதிதாகச் சாய்ந்தது, தண்டு பிளந்தது, பாதிக்கு மேல் பட்டுப்போனது ஆகியவை காரணங்கள். அதோடு விழுந்தால் எதன் மேல் விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வளவின் வெறும் மூலையில் நிற்கும் பட்ட மரமும், பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மேல் நிற்கும் பட்ட மரமும் ஒன்றல்ல.

மரத்தின் உயரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து பிடிவரையான நீளத்துக்குச் சமமான ஒரு குச்சியை நிமிர்த்திப் பிடியுங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும் நுனி மரத்தின் நுனியோடும் பொருந்தும்வரை பின்னால் நடவுங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம் வரையுள்ள தூரம்தான் ஏறத்தாழ மரத்தின் உயரம். அந்தத் தூரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள்.

மரத்தை விலைக்கு வாங்க வந்தவர் "இது விழப்போகுது சேர்" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள். பலாவும் மகோகனியும் மரக்காலையில் நல்ல விலை போகும். அவர் மரத்தைப் பார்ப்பது பலகையாக.

அனுமதி

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. கிராம அலுவலரிடம், எல்லோரும் சொல்வது போலச் சொன்னால் ஜீ.எஸ்.ஸிடம், முதலில் போங்கள். அவரூடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் போகும். வெள்ளவத்தைக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய, தெகிவளைக்காரருக்குத் தெகிவளை. காணி உறுதியின் பிரதி, மரத்தின் படங்கள், வெட்டுவதற்கான காரணம் ஆகியவற்றைக் கொண்டுபோனால் இரண்டாம் நடை மிச்சம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. வேறு மரம் என்றாலும், தென்னை உட்பட, கேட்டுவிட்டு வெட்டுங்கள். மேலும் வெட்டிய பெறுமதியான மரத்தை லொறியில் கொண்டுபோகத் தனி அனுமதிப் பத்திரம் தேவைப்படும். அதை யார் எடுப்பது என்று வாங்குபவரிடம் முன்பே பேசி வையுங்கள். வழியில் பொலிஸ் நிறுத்திய பிறகு பேசும் விஷயம் அல்ல அது.

கேட்டுக்கு வெளியே, வீதியோரம் நிற்கும் மரம் உங்களுடையது அல்ல. அதில் கைவைக்காமல் மாநகர சபைக்குப் படத்தோடு எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

பக்கத்து வீட்டு மரம் உங்கள் கூரைக்கு மேல் சாய்கிறதா? முதலில் பின்னேரம் ஒரு தேத்தண்ணி நேரத்தில் போய்ப் பேசுங்கள். எல்லைச் சண்டைகளில் பாதி, பேசிய விதத்தால் வந்தவை. சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. உண்மையிலேயே விழும் நிலையில் இருந்து, அவர் அசையவும் இல்லை என்றால், பொலிஸில் முறையிட்டு நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். விழக்கூடிய மரத்தை அகற்றும்படி கட்டளையிட நீதவானுக்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது.

மின்கம்பி

கம்பிக்குப் பக்கத்தில் மரம் என்றால் மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு அழைத்துச் சொல்லி, லைனை நிறுத்துவதற்கு நாள் கேளுங்கள். கறுப்பு உறை போட்ட கம்பிதானே என்ற தைரியம் வேண்டாம். உறை உரசித் தேய்ந்திருக்கலாம். பச்சை ஓலையிலும் ஈரக் கொப்பிலும் மின்சாரம் பாயும். வீட்டு மெயின் சுவிச்சை அணைத்தால் வீதிக் கம்பியில் மின்சாரம் நின்றுவிடாது.

ஆளைத் தேடுவது

விலை மரத்தின் உயரத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது இடத்தைப் பொறுத்தது. லொறி கேட் வரை வருமா, வெட்டியதைத் தோளில் சுமக்க வேண்டுமா, கீழே சீற் கூரையா? மூன்று பேரிடமாவது, இடத்தைப் பார்த்த பிறகே விலை கேளுங்கள். போனில் விலை சொல்பவரை விட்டுவிடலாம்.

வந்தவரிடம் "எப்படி இறக்குவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல பாஸ் மரத்தைச் சுற்றி வந்து, எந்தக் கொப்பில் கயிறு போடுவார், எது முதலில், எங்கே இறக்குவார் என்று கையைக் காட்டிச் சொல்வார். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர் அன்றைக்குத்தான் யோசிக்கப்போகிறார். இடுப்புப் பட்டி, தலைக்கவசம், இரண்டு தனிக் கயிறு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆளைக் கட்டும் கயிறும் கொப்பை இறக்கும் கயிறும் ஒன்றாக இருக்கக்கூடாது.

பேசியதை ஒரு தாளில் எழுதுங்கள். அடியோடு எடுப்பதா, மரம் யாருக்கு, குப்பை யார் ஏற்றுவது, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு, யாருக்காவது காயம் பட்டால் என்ன ஏற்பாடு. பணத்தில் ஒரு பகுதியை வளவு துப்புரவான பிறகு கொடுங்கள்.

தறிக்கும் நாள்

முதல் நாள் மழை பெய்திருந்தால் தள்ளிப் போடுங்கள். பட்டை வழுக்கும். காலையில் தொடங்கினால் பின்னேர இடிக்கு முன் முடியும். காரை வெளியே எடுத்து, அயலவருக்கு முதல் நாளே சொல்லி, பிள்ளைகளையும் நாயையும் வேறு வீட்டில் விட்டுவிடுங்கள். குளவிக் கூடு, முசுற்றுக் கூடு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பார்ப்பது அவசியம். உயரத்தில் குளவி கலைந்தால் ஓட இடமில்லை.

சின்ன வளவில் மரத்தை முழுதாகச் சாய்க்க முடியாது. மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதே வழி. முதலில் வெளிக் கொப்புகள், பிறகு நுனி, கடைசியில் தண்டு. ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறு முனையை உறுதியான ஒரு அடித்தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கீழே நிற்பவர் மெதுவாக விட வேண்டும். கையால் மட்டும் பிடித்து இறக்க நினைப்பது விபத்துக்கு வழி. பச்சை மரத்தின் பாரம் ஏமாற்றும்: 50 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 1 மீற்றர் துண்டு 200 கிலோவை நெருங்கும்.

முற்றம் பெரிதாக இருந்து அடியோடு சாய்ப்பதென்றால் மர உயரத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆட்கள் இருக்கக்கூடாது. விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவ வெட்டு, பிறகு பின்பக்கத்திலிருந்து வெட்டு. இரண்டுக்கும் இடையே தண்டு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விடப்படும். மரத்தை வழிநடத்துவது அந்த மிச்சம்தான். அதையும் அவசரத்தில் அறுத்தால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். விழத் தொடங்கியதும் வெட்டுபவர் நேர் பின்னால் ஓடக்கூடாது, சாய்வாகப் பின்பக்கம் விலக வேண்டும், ஏனென்றால் அடித்தண்டு பின்னால் உதைக்கும்.

உங்கள் வேலை கேட்டில் நின்று யாரும் உள்ளே வராமல் பார்ப்பது. உதவி செய்யும் ஆசையில் கயிறு பிடிக்கப் போகாதீர்கள்.

புயலில் விழுந்துவிட்டால்

கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் 1987. ஆள் சிக்கியிருந்தால் தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990. கூரையில் சாய்ந்த மரத்தை "கொஞ்சம் வெட்டி விடுவோம்" என்று தொடாதீர்கள். வளைந்து அழுந்தியிருக்கும் கொப்பு வெட்டுப்பட்டதும் வில் போலத் தெறிக்கும். காப்புறுதி இருந்தால் எதையும் அகற்றுவதற்கு முன் படம் எடுங்கள்.

தறித்த பிறகு

தென்னங்குற்றியை வளவில் உக்க விடாதீர்கள், காண்டாமிருக வண்டு அதில்தான் பெருகும். பிளந்து அகற்றுங்கள். மற்ற மரங்களின் அடிக்கட்டை தளிர்த்தால் தளிரை அவ்வப்போது ஒடித்துவிட்டால் களைத்துவிடும். கட்டையைச் சீக்கிரம் உக்கவைக்க மேலே துளைகள் போட்டு மண்ணால் மூடி ஈரமாக வைக்கலாம். துளையில் தண்ணீர் மட்டும் நிற்கக்கூடாது. இலை குழையை வீதியோரம் கொட்டாமலும் எரிக்காமலும் லொறியில் அனுப்புங்கள்.

பெரிய வேர்கள் மதிலுக்குக் கீழே போயிருந்தால் அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டாம். உக்கும்போது மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், அங்கங்கே மண் போட்டு அமுக்கிக்கொண்டு வந்தால் போதும். அதே இடத்தில் மறுபடி நடுவதென்றால் கட்டையிலிருந்து சில அடி தள்ளி நடுங்கள். சின்ன வளவுக்குத் தேசி, கறிவேப்பிலை, கொய்யா, மாதுளை போதும். பலாவுக்கு ஆசை இருந்தால் சுவரிலிருந்து 20 அடியாவது விட்டு, மேலே கம்பி இல்லாத பக்கமாகப் பார்த்து வையுங்கள். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் பலாப்பழத்தைச் சந்தையில் வாங்கலாம்.